எர்லன்ஷ்லாக்கில் மதியத் தூக்கம்

இப்போதெல்லாம் ஆள் எங்கே இருக்கிறான் என்று யாரும் கேட்பதில்லை. போனில் என்ன படம் வந்திருக்கிறது என்றுதான் பார்க்கிறார்கள். துபாய் சோனாப்பூர் கேம்ப்பில் மூட்டைப்பூச்சிக்கு நடுவே கிடக்கிறவன் எவனுடைய காரிலோ சாய்ந்து நின்று படம் எடுத்து ஊருக்கு அனுப்புகிறான். ஊரில் அதை நம்பிப் பக்கத்து வீட்டுக்கும் காட்டுகிறார்கள். சொல்கிறவனுக்கு வெட்கமில்லை, கேட்கிறவனுக்குப் புத்தியில்லை. நாங்களும் அந்தக் காலத்தில் பொய் சொன்னவர்கள்தான். ஆனால் எங்கள் பொய்க்கு ஸ்டாம்ப் ஒட்ட வேண்டியிருந்தது. எந்த ஊரிலிருந்து பொய் கிளம்பியது என்று தபால்காரன் முத்திரை குத்திவிடுவான்.

என் பெயர் ராக்கப்பன். வயது அறுபத்தாறு. படிப்பு நாலாங்கிளாஸ். நானூறு பேர் தங்குகிற கேம்ப் ஒன்றில் மெஸ் சமையல். காலை நாலு மணிக்குச் சாப்பாட்டுக் கேரியர்கள் பஸ்ஸில் ஏறிவிட்டால் சாயங்காலம் வரை எனக்கு வேலை இல்லை. அந்த நேரத்தில்தான் காணாமல் போன ஆட்களைத் தேடுவது. இதுவரை ஏழு பேரைக் கண்டுபிடித்திருக்கிறேன். மூளை பெரிது என்று எண்ண வேண்டாம். எவன் சொல்வதையும் நான் நம்புவதில்லை, அவ்வளவுதான்.

ஆகஸ்ட் மாதம், ஒரு திங்கட்கிழமை. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது ஊரிலிருந்து போன் வந்தது.

"அண்ணே, நான் வீரம்மா பேசுறேன். கார்மேகம் வீட்டுக்காரி. கமுதிப் பக்கம்."

"தெரியும் தாயி. உன் புருசன் ரெண்டு வருசம் என் சோத்தைத் தின்னவன். ஜெர்மனிக்குப் போயிட்டான்னு கேள்விப்பட்டேன்."

"அதைத்தாண்ணே கேக்கணும். அவுக ஜெர்மனியிலதான் இருக்காகளா?"

கத்தியைக் கீழே வைத்தேன்.

கதையின் முன்பாதி எனக்கே தெரியும். ஜனவரியில் தியாகு என்று ஒரு ஏஜென்ட் கேம்ப்புக்குள் வந்தான். கையில் ஆறு பக்கக் கலர் பேப்பர். ஜெர்மனியில் காட்டுக்குள் ஒரு ஊர், மரம் வெட்ட ஆள் வேண்டும், குளுகுளு என்று இருக்கும் என்றான். பச்சைப் பசேல் என்று ஒரு மலைப் படத்தைக் காட்டினான். நாற்பத்தெட்டு டிகிரி வெயிலில் கம்பி கட்டுகிறவனிடம் குளிர் என்று சொன்னால் போதாதா? என் மெஸ்ஸில் இரண்டு பேர் விழுந்தார்கள். ஒருவன் கார்மேகம். இன்னொருவன் அருள்ராஜ். இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து ஊர். கம்பெனிக்குச் சொல்லாமல் இரண்டு பேரும் தியாகுவோடு போனார்கள். விசா வரும்வரை வேறெங்கோ வேலை என்று பேச்சு. கம்பெனி உடனே ஓடிப்போனவர்கள் என்று சர்க்காருக்கு எழுதிக் கொடுத்துவிட்டது. அதற்குப் பிறகு திரும்பி வரவும் வழியில்லை.

ஏப்ரலில் அருள்ராஜ் செத்தான். வேலை இடத்தில் கல் விழுந்தது என்றார்கள். உடம்பைப் பதப்படுத்திப் பெட்டியில் வைக்கிற இடம் எங்கள் கேம்ப்பிலிருந்து நடக்கிற தூரம்தான். நானும் போய் நின்றேன். பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று சொல்லித்தான் ஊருக்கு அனுப்பினார்கள்.

"அருள்ராஜ் தம்பி சாவுக்கு மொத நாளு வரைக்கும் அவுக பேசுனாகண்ணே," என்றாள் வீரம்மாள். "அப்புறம் ஒரு வாரத்துல விசா வந்துருச்சு, கெளம்புறேன்னு மெசேஜ் வந்துச்சு. அதுலருந்து எழுத்துத்தான். கூப்புட்டா எடுக்க மாட்டேங்குறாக. காட்டுக்குள்ள பேச்சுக்கு சிக்னல் நிக்காதுன்னு எழுதுறாக. சின்னவ, அப்பா கொரலு எப்படிம்மா இருக்கும்னு கேக்குறா."

"நாலு மாசமா குரல் இல்லாத புருசனை எப்படித் தாயி நம்புன?"

"புள்ளைக பேரு, எங்க மாமனாரு மூட்டு வலி, எல்லாம் சரியாத்தான எழுதுறாக. வேற யாருக்குண்ணே இதெல்லாம் தெரியும்?" பிள்ளையை வெளியே போகச் சொல்லிவிட்டுப் பேசினாள். "அவுக உசுரோட இருக்காகளா இல்லையா. அது ஒண்ணு சொல்லுங்க போதும்."

வந்த மெசேஜ் எல்லாவற்றையும் அனுப்பச் சொன்னேன்.

*

எனக்குக் கண் மங்கல், இங்கிலீஷ் கிடையாது, கார் ஓட்டத் தெரியாது. இந்த மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஆள் நுஃமான். கீழக்கரைக்காரன், நாற்பத்தைந்து வயது. கேம்ப் வாசலில் டைப்பிங் சென்டர் வைத்திருக்கிறான். விசா பேப்பர், லேபர் பேப்பர், செத்தவன் பேப்பர், எல்லாம் அரபியில் அடித்துக் கொடுப்பான். வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

தியாகுவின் கலர் பேப்பரில் ஊர்ப் பெயர் இருந்தது: எர்லன்ஷ்லாக். எங்கள் கேம்ப்பில் எவன் வாயிலும் அது நுழையவில்லை. எருமைச்சாலை என்றுதான் சொல்வார்கள். அந்த ஊர் ஆபீசுக்கு நுஃமான் கம்ப்யூட்டரில் கடிதம் போட்டான், கார்மேகம் படத்தையும் பச்சை மலைப் படத்தையும் சேர்த்து. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்தவன் என்னைக் கூப்பிட்டான்.

"அண்ணே, இந்த ஆளு அங்க இருக்கானான்னு ரெண்டு வரி கேட்டேன். ஊர்த் தலைவரு நாலு பக்கம் எழுதியிருக்காரு. எங்க வாப்பா மவுத்தானப்ப எங்க கூடப் பொறந்த காக்கா எழுதுன கடுதாசியே அரைப் பக்கம்தான்."

"ஏன் இத்தனை நாள்?"

"ஆபீசு வியாழக்கிழமை மட்டும், ரெண்டு மணி நேரம். தலைவருக்குச் சம்பளம் கிடையாதாம். மத்த நாளு ரொட்டி சுடுவாராம்."

"சம்பளம் வாங்காத தலைவனா? அவனை மொதல்ல விசாரி."

நுஃமான் ஜெர்மன் எழுத்தைக் கம்ப்யூட்டரில் போட்டுத் தமிழாக்கி, அதையும் தன் தமிழில் சொன்னான். ஊரில் அறுநூற்று நாற்பத்தொரு பேர். போன வாரம் வரை நாற்பத்திரண்டு என்று பக்கத்திலேயே எழுதியிருந்தாராம் அந்த மனிதர். கடல் மட்டத்திலிருந்து ஐந்நூறு மீட்டர் மேலே. மூன்றில் இரண்டு பங்கு காடு.

"முந்நூறு வருசத்துக்கு முன்னாடி அங்க ஒரு வீடும் கிடையாதாம்ணே. கண்ணாடி காய்ச்சுற கூட்டம் ஒண்ணு வந்துச்சாம். காட்டை வெட்டி உலை மூட்டுனாங்க. மரம் தீந்ததும் முதலாளிங்க உலையத் தூக்கிட்டு அடுத்த மலைக்குப் போயிட்டாங்க. விறகு வெட்ட வந்த கூலியாளுங்கள மட்டும் மொட்டை மலையில விட்டுட்டாங்க. அந்த ஆளுங்க பேரன் பேத்திதான் இந்த ஊரு."

"ஆக, அதுவும் ஒரு சோனாப்பூர்."

"அங்க குளிருக்கு ஏசி தேவைப்படாதுண்ணே. நம்மளுக்கு இங்க இருந்தும் வேலை செய்யாது."

பிற்பாடு சர்க்கார் அந்த மலையில் வரிசை வரிசையாக ஒரே வகை ஊசியிலை மரமாக நட்டதாம். நூற்றைம்பது வருடம் அதை வெட்டித்தான் ஊர் சாப்பிட்டது. ஏழெட்டு வருடத்துக்கு முன்னால் மழை பொய்த்தது. அரிசி அளவுக்கு ஒரு வண்டு பட்டைக்குள் புகுந்தது. மலை முழுக்க மரங்கள் நின்ற நிலையில் காய்ந்து போயின. எல்லாவற்றையும் மெஷின் வைத்து வெட்டி லாரியில் ஏற்றிவிட்டார்கள்.

"நம்ம அனுப்புன பச்சை மலைப் படத்தைப் பாத்து அவரு அழுதே இருப்பாரு போல. அந்த மலையில நாலு வருசமா ஒரு மரம் கூட நிக்கலையாம். அவங்க ஊரு பழைய வாத்தியாரு எப்பவோ எடுத்த படமாம். தியாகு அதைத் திருடியிருக்கான்."

"கார்மேகம்?"

"அப்படி ஆளே வரலைன்னு சொல்றாரு. புதுசா யாரு குடி வந்தாலும் ரெண்டு வாரத்துக்குள்ள ஆபீசுல பேரு பதியணுமாம். அறுநூத்தி நாப்பத்தொண்ணு பேரும் அவரு கடையிலதான் ரொட்டி வாங்குறாங்களாம்."

"ரொட்டிக்காரன் சொன்னா வேதமா? பேரு பதியாம ஒளிஞ்சு இருந்தா?"

"அண்ணே, உங்க மெஸ்ஸுல ஒருத்தன் ஒரு சப்பாத்தி கூட எடுத்தா உங்களுக்குத் தெரியுதுல்ல? அவருக்குத் தெரியாதா?"

அது நியாயம்.

நாலாம் பக்கத்தில் அந்த மனிதர் வேறு ஒன்று எழுதியிருந்தார். முன்பு அது நாலு சின்ன ஊர்களாம். ஐம்பத்து நாலு வருடத்துக்கு முன்னால் சர்க்கார் நாலையும் சேர்த்து ஒரே ஊராக்கியது. ஆபீஸ் ஒன்று, பெயர்ப் பலகை ஒன்று. கல்லறைத் தோட்டம் மட்டும் இன்றைக்கும் நாலு. அவரவர் பழைய ஊர் மண்ணில்தான் அவரவரைப் புதைப்பார்கள். இத்தனை வருடத்தில் ஒரு உடம்பு கூட இடம் மாறிப் போனதில்லை என்று பெருமையாக எழுதியிருந்தார்.

"இதை எதுக்கு எழுதியிருக்கான்?"

"நாம ஒரு ஆளைக் காணோம்னு கேட்டோம்ல. எங்க ஊருல செத்தவனைக் கூடத் தொலைக்க மாட்டோம்னு சொல்றாரு."

அப்போது சிரித்தோம்.

*

வீரம்மாள் அனுப்பிய மெசேஜ்களை நுஃமான் தாள்களில் எடுத்து வைத்திருந்தான். ஒவ்வொன்றாக வாசித்தான்.

கண்ணாடி உலை, அறுநூற்றுச் சொச்சம் பேர், நாலு ஊர் ஒன்றான கதை, எல்லாம் சரியாக இருந்தது. தியாகுவின் கலர் பேப்பரில் உள்ளது வரிக்கு வரி வந்திருந்தது.

"பேப்பரைப் பாத்துக் காப்பி அடிச்சிருக்கான்," என்றேன். "பேப்பர்ல இல்லாததை மட்டும் வாசி."

நுஃமான் தாளைப் புரட்டினான். "'சாப்புட்டுப் படுத்திருக்கேன். மூணு மணிக்குத்தான் மேல ஏறணும்.' ஜூலை எட்டு. 'மதியம் கொஞ்சம் கண் அசந்தேன். மூணுக்கு எந்திரிக்கணும்.' ஜூலை பதினொண்ணு. இதே மாதிரி இருபது இருக்குண்ணே. சரியான சோம்பேறி."

"எத்தனை மணிக்கு வந்திருக்கு?"

"ஊரு டைம் ரெண்டு பத்து. ரெண்டே கால். எல்லாம் அந்த நேரம்தான்."

"ஊருல ரெண்டு பத்துன்னா இங்க?"

"பன்னெண்டு நாப்பது."

"ஜெர்மனியில?"

நுஃமான் விரல் விட்டான். பிறகு தாளைக் கீழே வைத்தான். "காலைல பத்து நாப்பது."

"பத்து நாப்பதுக்குச் சோறு தின்னுட்டு மூணு மணி வரை தூங்குற வேலையா? குளுகுளு காட்டுல?"

இந்த நாட்டில் வேலை பார்க்கிற எவனுக்கும் இதைச் சொல்ல வேண்டியதில்லை. ஜூன் பாதியிலிருந்து செப்டம்பர் பாதி வரை பகல் பன்னிரண்டரைக்கும் மூன்றுக்கும் நடுவே வெயிலில் வேலை வாங்கக் கூடாது. சர்க்கார் உத்தரவு. நாலைந்து வருடம் அப்படி வேலை பார்த்தவனுக்கு உலகம் முழுக்க மூன்று மணி வரை தூக்கம்தான் என்று உடம்பே எண்ணிக்கொள்ளும். படித்ததை எழுதும்போது அவன் பொய்யைக் கவனமாக எழுதினான். பார்த்ததை எழுதும்போது மறந்துவிட்டான்.

"இங்கதான் இருக்கான்," என்றேன். "இல்லன்னா இங்க இருந்து எவனோ அவன் பேருல எழுதுறான்."

"இங்கன்னா எங்கண்ணே? அபுதாபியிலருந்து ராஸ் அல் கைமா வரைக்கும் வெயிலு ஒண்ணுதான்."

"இன்னும் வாசி."

"'மரம் சாயுறதுக்கு முன்னாடி மூணு தடவ சங்கு ஊதுவாங்க. எல்லாரும் தூர ஓடிரணும்.' அப்புறம் இது. 'சாயந்தரம் மேலருந்து பாத்தா கீழ ஏரி தெரியும். கப்பலுங்க கரைக்கு வராம வரிசையா நின்னுக்கிட்டே இருக்கும்.'"

"ரொட்டிக்காரன் கடுதாசியில ஏரி உண்டா?"

நுஃமான் தேடினான். "தாண்டிக் குதிக்கிற அளவுக்கு ஒரு ஓடை. அப்புறம் தீ அணைக்கத் தண்ணி நிப்பாட்டி வச்ச குட்டை ஒண்ணு, வாத்து வளக்குறாங்களாம். கப்பலு விட்டா வாத்து கோவிச்சுக்கும்."

மரத்துக்குச் சங்கு எதற்கு? மூன்று சங்கு என்றால் வெடி. வெடி என்றால் கல். கரைக்கு வராமல் எண்ணெய்க் கப்பல்கள் வரிசையில் காத்துக் கிடக்கிற கடலும் பக்கத்திலேயே கல் உடைக்கிற மலையும் எங்கே இருக்கின்றன? இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். புஜைரா.

நுஃமான் முகத்தில் சிரிப்பு நின்றுபோயிற்று.

"அருள்ராஜ் செத்ததும் புஜைராண்ணே. அவன் பேப்பரை நான்தான அடிச்சேன். கல்லுடைக்கிற கிரஷர் பேரு என் ஃபைல்ல இருக்கு."

"அப்ப கூட்டாளி செத்த இடத்தை விட்டு இவன் நகரவே இல்லை," என்றேன். "இல்லன்னா இவனையும் அங்கேயே முடிச்சுட்டு, போனை எவனோ வச்சிருக்கான்."

அன்று சாயங்காலம் வீரம்மாளைக் கூப்பிட்டு ஒரு வேலை சொன்னேன்.

*

சனிக்கிழமை பதினொன்றரைக்குப் புஜைரா மலைக்குள் நுழைந்தோம். ஒரு புல் கிடையாது. மலையைக் கேக் வெட்டுவது போலப் படிப்படியாக வெட்டி வைத்திருந்தார்கள். வெள்ளைத் தூசி காரின் கண்ணாடியில் மாவு போல ஒட்டியது. திரும்பிப் பார்த்தால் கீழே கடல். பன்னிரண்டு கப்பல் எண்ணினேன். எதுவும் அசையவில்லை.

"ஏரி அழகா இருக்குல்லண்ணே," என்றான் நுஃமான்.

கேட்டில் இருந்த பாகிஸ்தான் பட்டாணிக் காவலாளியிடம் நுஃமான் இந்தியில் பேசினான். லேபர் பேப்பர் ஒன்றில் கையெழுத்து வாங்க வேண்டும், பாய், பத்து நிமிஷம் என்றான். கையில் ஃபைல் வைத்திருக்கிறவனை இந்த நாட்டில் யாரும் தடுப்பதில்லை.

பன்னிரண்டரைக்கு மெஷின்கள் நின்றன. பச்சை வலை கட்டிய கொட்டகையின் நிழலில் இருபது பேர் வந்து விழுந்தார்கள். தூசிக்குப் பயந்து எல்லோரும் முகத்தைத் துணியால் சுற்றியிருந்தார்கள். உடம்பெல்லாம் ஒரே வெள்ளை. யார் தமிழன், யார் வங்காளி என்று கூடத் தெரியவில்லை. நாங்கள் தண்ணீர் டேங்கர் மறைவில் நின்றோம்.

"இதுல கார்மேகத்தை எப்படிண்ணே பொறுக்குறது?"

"நாம பொறுக்க வேண்டாம். அவன் பொண்டாட்டி பொறுக்குவா."

பன்னிரண்டு நாற்பது. ஊரில் இரண்டு பத்து. நான் சொல்லி வைத்தபடி வீரம்மாள் மெசேஜ் போட்டிருப்பாள்: பெரியவளுக்குக் காய்ச்சல், கண்ணே திறக்க மாட்டேங்குறா.

கொட்டகையில் ஒரு பீப் சத்தம். பத்தொன்பது பேர் அசையவில்லை. கோடியில் படுத்திருந்த ஒருவன் எழுந்து உட்கார்ந்தான். சாப்பாட்டுப் பைக்குள்ளிருந்து போனை எடுத்தான். படித்தான். தலையில் கை வைத்தான். பிறகு இரண்டு கட்டைவிரலாலும் வேகமாக அடித்தான்.

ஒரு நிமிடத்தில் நுஃமானின் போன் அதிர்ந்தது. வீரம்மாள் வந்ததை அப்படியே எங்களுக்கு அனுப்பியிருந்தாள். 'பயப்படாத. நெத்தியில ஈரத்துணி போடு. பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. நான் இருக்கேன்.'

"உசுரோடதான் இருக்கான்," என்றான் நுஃமான். "அல்ஹம்துலில்லாஹ். பேசாம இருந்ததுக்கு ஒரு அறை குடுத்துட்டுக் கூட்டிட்டுப் போவோம்ணே."

நான் அவன் பின்னால் போய் நின்றேன்.

"கார்மேகம்."

அவன் திரும்பவில்லை. தன்னைக் கூப்பிட்டதாகவே அவனுக்குத் தோன்றவில்லை. மறுபடியும் கூப்பிட்டு முதுகில் கை வைத்தேன். துள்ளித் திரும்பினான். முகத்துத் துணியை நானே இழுத்துக் கீழே விட்டேன்.

இரண்டு வருடம் என் சாம்பாரில் உப்பு போதவில்லை என்று சொன்ன வாய். ஏப்ரலில் யாருடைய பெட்டிக்கு முன்னால் நான் நின்றேனோ, அவன் முகம்.

அருள்ராஜ்.

நுஃமான் ஃபைலைக் கீழே போட்டுவிட்டான். அவன் கையால் அடித்த மரணப் பேப்பரின் நகல் அதற்குள்தான் இருந்தது.

*

கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப் போனோம். அருள்ராஜ் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"தியாகு ஒரே ஒரு கேட்டு அட்டைதாண்ணே போட்டுக் குடுத்தான். எம் பேருல. ரெண்டு ஷிப்டு, ரெண்டு ஆளு, ஒரே அட்டை. பகல்ல நான் காட்டிட்டுப் போவேன், சாயந்தரம் அண்ணன் காட்டிட்டுப் போவாரு. கேட்டுல எவனும் மூஞ்சியப் பாக்க மாட்டான். எல்லாரும் தூசிதான."

"அன்னிக்கு?"

"எனக்குக் காய்ச்சல்ணே. அண்ணன் என் ஷிப்டுக்குப் போனாரு. வெடிச்ச பாறை ஒண்ணு கொஞ்ச நேரம் நின்னு அப்புறம் விழுந்துருச்சு. மூஞ்சியும் கையும் ஒண்ணும் மிஞ்சல. பையில அட்டை இருந்துச்சு. தியாகு வந்தான். கலாஸ், முடிஞ்சுது, செத்தது நீதான், வாயத் தொறந்தா பெட்டியில இருக்குறவன் யாருன்னு போலீசு கேக்கும், நீதான் தள்ளுனன்னு நானே சொல்லுவேன்னான். அவரு பேருல இன்னொரு அட்டை போட்டுக் குடுத்துட்டு ஓமன் பக்கம் போயிட்டான்."

"மெசேஜ்?"

"அண்ணி பாவம்ணே. அவரு போன் எங்கிட்ட இருந்துச்சு. ஒரு நாளு எழுதுனேன். அப்புறம் நிப்பாட்ட முடியல."

"உன் பொண்டாட்டி ராதிகா பாவம் இல்லையா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "செத்தவன் எப்படிண்ணே போன் பண்றது?"

நுஃமான் அவனுக்குத் தண்ணீர் கொடுத்தான். நான் என் போனை எடுத்து வீரம்மாளுக்குப் போட்டு அவன் கையில் திணித்தேன். அவன் வாங்க மாட்டேன் என்றான். இந்த வயதிலும் என் கைக்கு ஐம்பது கிலோ அரிசி மூட்டை தூக்குகிற பலம் உண்டு. காதோடு வைத்து அழுத்தினேன்.

"அண்ணே, என்ன ஆச்சு? அவுகதானா?" வீரம்மாள் குரல் எங்கள் மூன்று பேருக்கும் கேட்டது.

"அண்ணி," என்றான். "நான் அருளு."

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை. அங்கே ஏதோ ஒரு சேவல் கூவுவது கேட்டது.

"அருளா?" என்றாள். பிறகு மெல்ல, "அப்ப அன்னிக்கு உங்க வீட்டுலருந்து எடுத்துட்டுப் போயி எரிச்சது?"

போனை நான் வாங்கினேன்.

"ஆமா தாயி."

"நானும் வந்திருந்தேன்ணே." அவள் அழவில்லை. எண்ணிப் பார்க்கிறவள் மாதிரிப் பேசினாள். "ராதிகாவப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். தாலிய வாங்குறப்ப அவ விட மாட்டேன்னா. நான்தாண்ணே கையப் பிரிச்சு விட்டேன். பெட்டியத் தூக்குறப்ப, எம் புருசன் தப்பிச்சாருன்னு ஒரு நிமிசம் மனசுக்குள்ள நெனச்சேன். அந்தப் பாவம்தான்."

"பாவம் ஒண்ணும் இல்ல தாயி."

"சின்னவளையும் தூக்கிட்டுப் போயிருந்தேன். அப்பா பக்கத்துலதான் இருந்திருக்கா." மறுபடியும் சேவல். "சரிண்ணே. எங்கிட்ட அப்புறம் பேசிக்கலாம். மொதல்ல ராதிகாவுக்குச் சொல்லுங்க. அவளுக்கு ஆளு உசுரோட இருக்குல்ல."

வைத்துவிட்டாள்.

எனக்கு அந்த ரொட்டிக்காரன் கடிதம் ஞாபகம் வந்தது. ஐம்பத்து நாலு வருடத்தில் ஒரு உடம்பு கூட இடம் மாறவில்லையாம். அவனுக்கென்ன, அறுநூறு பேர்.

நுஃமான் அருள்ராஜைக் கை கொடுத்து எழுப்பினான். நேராக இந்தியக் கான்சுலேட், பிறகு போலீஸ், பேப்பரை நானே திருத்தி அடிக்கிறேன், முதல் தடவையாக ஒரு ஆளுக்கு உயிர் வாங்கிக் கொடுக்கிறேன் என்றான். தமாஷ் சொல்லிப் பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை. காரின் முன்சீட்டில் அவனை உட்கார வைத்தான்.

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அருளு. பாறை விழுந்தது எத்தனை மணிக்கு?"

"சாயந்தரம் ஆறு, ஆறரை இருக்கும்ணே. வெளிச்சம் போயிக்கிட்டு இருந்துச்சு."

"சாயந்தர ஷிப்டு கார்மேகத்தோடதுன்னு சொன்ன."

"ஆமாண்ணே."

"அப்ப உன் காய்ச்சல் எதுக்கு?"

அவன் என்னைப் பார்த்தான். பிறகு மடியில் கிடந்த அந்தப் போனைப் பார்த்தான். "அன்னிக்கு ஷிப்டு மாத்திக்கிட்டோம்ணே," என்றான்.

நுஃமான் என்னைத் தனியாக இழுத்தான். "விடுங்கண்ணே. நாலு மாசமா செத்துக் கெடந்தவன். மணியெல்லாம் எங்க ஞாபகம் இருக்கும்? அந்த மெசேஜைப் பாத்தீங்கள்ல, புள்ளைக்குக் காய்ச்சல்னதும் பதறிட்டான். கெட்டவன் பதறுவானா?"

"பதறுவான். கெட்டவனுக்குத்தான் எதுவும் பிசகாம நடக்கணும், இல்லன்னா மாட்டிக்குவான்."

"எதைத்தாண்ணே நம்புவீங்க?"

"நீ அவனைக் கூட்டிட்டுப் போ. நான் பஸ்ஸுல வர்றேன்."

"இந்த வெயில்லயா? ரோடு ரெண்டு கிலோமீட்டர்ணே."

நான் நடந்தேன். மூன்று மணி ஆகவில்லை. மலையில் ஒரு மெஷினும் ஓடவில்லை. கார் என்னைத் தாண்டும்போது வேகத்தைக் குறைத்தது. முன்சீட்டில் இருந்தவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு தூசி மட்டும் நின்றது.

காய்ச்சல் என்றால் அவன் ரூமில் படுத்திருக்க வேண்டும். பாறை நின்று விழுந்ததை எவன் பார்த்தான்? ஷிப்ட் மாற்றிக்கொண்டார்கள் என்றால் பகல் ஷிப்டுக்குப் போன கார்மேகம் சாயங்காலம் ஆறரைக்கு அங்கே என்ன செய்தான்? ரோடு வரும்வரை இதையே திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எந்தப் பக்கம் வைத்தாலும் அவன் கதை உட்காரவில்லை.